ஹெலிகாப்டர் சத்தமும் ஒரு நிமிட நேரமும்

எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் அதற்குப் பெயர் எலிகாப்டர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் திருத்தி ஹெலிகாப்டர் என்பார்கள். சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். கரும்பு வெட்டிக்கொண்டிருப்பவர் அரிவாளோடு நிமிர்ந்து பார்ப்பார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் கிளாஸைக் கையில் பிடித்தபடியே ரோட்டுக்கு வந்து நிற்பார். யாரோ பெரிய ஆள் வருகிறார் என்பது எங்களுக்கு அதன் அர்த்தம். தேர்தல் நேரமாக இருந்தால் யார் வருகிறார் என்பதில் ஒரு சின்னச் சண்டையும் நடக்கும்.

யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் ஹெலி. இரண்டே எழுத்து. கத்துவதற்கு வசதியான சொல். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்தது வேடிக்கை பார்க்க இல்லை, முற்றத்தில் வெட்டி வைத்திருந்த பங்கருக்குள் இறங்க.

இந்த இரண்டு வகைக் காதுகளும் இப்போது ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் இருந்து அரசாங்கம் அவற்றை மறுவாழ்வு முகாம் என்கிறது. பேச்சு வழக்கில் இன்னும் கேம்ப்தான். தமிழ்நாடு முழுக்க 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து மதுரை டவுனுக்குப் போகிற பாதையில் கொஞ்சம் விலகினால் ஆனையூர் வந்துவிடும். ஒரே ஹெலிகாப்டரை நாங்களும் அவர்களும் கேட்கிற தூரம்தான்.

அப்படி ஒன்றைக் கேட்டதிலிருந்து வந்த குறிப்புதான் இது. 2022 நவம்பர் 11 அன்று காந்திகிராமப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குப் பிரதமர் வந்தார். மதுரை விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து விமானப்படை ஹெலிகாப்டரில் திண்டுக்கல் பக்கம் போனார். இந்த மாதிரிப் பயணங்களுக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பார்கள். சோழவந்தான் பக்கமாக அந்தச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. எங்கள் தெருவில் வழக்கம்போல மொட்டைமாடிகள் நிறைந்தன.

சில நாள் கழித்து, எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற அண்ணனைப் பார்க்க ஆனையூர் போயிருந்தேன். (முகாம்களில் இருக்கிற ஆண்களில் நிறையப் பேருக்கு பெயிண்டிங்தான் வேலை. மதுரையில் உங்கள் வீட்டுச் சுவரைப் பூசியவர் யாரென்று விசாரித்தால் பாதி நேரம் விடை அங்கேதான் போய் நிற்கும்.) பேச்சுவாக்கில் ஹெலிகாப்டர் விஷயம் வந்தது. அவருடைய மாமியார் எழுபதைத் தாண்டியவர். அவர் சொன்னார்: "தம்பி, அண்டைக்கு ரெண்டு ஹெலி. ஒண்டு முன்னுக்கு, மற்றது கொஞ்சம் பிந்தி. நேராப் போகுதோ, சுத்துதோ எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். சுத்தேல்லை. பிறகுதான் உலையை வைச்சனான்."

நான் மொட்டைமாடியில் நின்று பார்த்தவன். எத்தனை ஹெலிகாப்டர் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் இருந்து வானத்தைப் பார்க்காமலே அவர் எண்ணியிருக்கிறார். 1990-ல் படகேறி வந்தவர். வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது.

அந்தக் காது எப்படி உருவாயிற்று, ஏன் இன்னும் அழியவில்லை என்று தேடிப் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன். முதலில் சத்தத்தைப் பற்றி.

ஹெலிகாப்டர் சத்தம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எஞ்சின் சத்தம் கிடையாது. தலைக்கு மேல் சுற்றுகிற றெக்கைகள் காற்றை அடிக்கிற அடி அது. ஒவ்வொரு றெக்கையும் கடந்து போகும்போது காற்றில் ஓர் அழுத்த அலை கிளம்பும். இன்னொன்றும் உண்டு. றெக்கையின் நுனியிலிருந்து ஒரு சுழல் கழன்று பின்னால் போகும். ஹெலிகாப்டர் கீழே இறங்கும்போதும் வளைந்து திரும்பும்போதும் அடுத்து வருகிற றெக்கை அந்தச் சுழலை வெட்டிக்கொண்டு போகும். 'டப் டப்' என்று அறைகிற மாதிரிக் கேட்பது அப்போதுதான். நேராக உயரத்தில் போகிற ஹெலிகாப்டருக்கும் தாழ்ந்து வட்டமடிக்கிற ஹெலிகாப்டருக்கும் சத்தத்தில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது. "சுத்துதோ எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான்" என்று அந்த அம்மா சொன்னதற்கு இயற்பியலில் முழு ஆதாரம் உண்டு.

எந்த வகை ஹெலிகாப்டர் என்பதையும் காது பிரித்துவிடும். இலங்கை விமானப்படை 1980-களில் பயன்படுத்திய பெல் 212-க்கு இரண்டே றெக்கை, நிமிடத்துக்கு 324 சுற்று. கணக்குப் போட்டால் நொடிக்குப் பதினொரு அடி. தனித்தனி அடியாகவே காதில் விழும். இந்திய விமானப்படையின் எம்.ஐ-8-க்கு ஐந்து றெக்கை, நிமிடத்துக்கு 192 சுற்று. நொடிக்கு 16 அடி. அது சேர்ந்து ஓர் உறுமலாகிவிடும். மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே இருப்பதைச் சத்தமாக உணராது என்பார்கள். அடிப்படை அதிர்வு அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. அதன் மடங்குகளைத்தான் காதால் கேட்கிறோம். மிச்சத்தைத் தகரக் கூரையும் ஜன்னல் கண்ணாடியும் நெஞ்சுக்கூடும் வாங்கிக்கொள்கின்றன. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னாலேயே பாத்திரம் அதிர்ந்தது என்று யாராவது சொன்னால் கதைவிடுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட தாழ்ந்த அதிர்வுகளுக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, காற்று அவற்றை லேசில் விழுங்குவதில்லை. அதனால் வெகுதூரம் போகும். இரண்டாவது, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வலது காதுக்கும் இடது காதுக்கும் இடையே வருகிற சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் திசையைக் கணிக்கிறோம். 16 அதிர்வு என்றால் அலையின் நீளம் 21 மீட்டர். அந்த அலைக்கு நம் தலை ஒரு பொருட்டே கிடையாது. இரண்டு காதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் விழும். கட்டடத்திலும் தோப்பிலும் மோதித் திரும்புகிற எதிரொலி வேறு குழப்பும். அதனால்தான் எங்கள் ஊரில் சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டுவோம். எங்களுக்கு அது விளையாட்டு. திசை தெரிந்தால்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுக்கலாம் என்கிற ஆளுக்கு விளையாட்டாக இருக்க முடியாது.

இனி நேரக் கணக்கு. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தக் கணக்குதான்.

ஒரு ஹெலிகாப்டர் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேல் வந்து சேர அதற்கு 90 நொடி வேண்டும். சத்தம் வந்து சேர 15 நொடி. ஆக நம் கையில் இருப்பது 75 நொடி. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட.

அதே இடத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஜெட் வருகிறது என்றால்? அது 20 நொடியில் வந்துவிடும். சத்தத்துக்குப் 15 நொடி போனால் மிச்சம் ஐந்தே நொடி. இலங்கை விமானப்படைக்கு 1996-ல் வந்த கிபீர் அந்த ரகம். ஐந்து நொடியில் எதுவும் செய்ய முடியாது. விழுந்து படுக்கலாம், அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் நிறையச் செய்யலாம். அடுப்பை அணைக்கலாம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்கலாம். "ஹெலி, ஹெலி" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கலாம். நடக்க முடியாத மாமனாரைக் கைத்தாங்கலாக பங்கர் வாசலுக்குக் கொண்டுபோகலாம். ஹெலிச் சத்தம் என்பது குண்டு விழுந்த நினைவு மட்டுமே என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். அவர்கள் பேச்சைக் கேட்கக் கேட்க, அதைவிட இந்த ஒரு நிமிடத்தின் நினைவுதான் பெரிது என்று படுகிறது. பல நாட்களில் குண்டு விழவே இல்லை. ஹெலி பலாலிக்கோ காரைநகருக்கோ நேராகப் போயிருக்கும். ஆனால் அந்த நிமிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் நடந்தது.

சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டிய அவசியம் ஒரு சொல்வரிசையையே உண்டாக்கியது. ஹெலி. பொம்பர். மெதுவாக, கனமாக இரைந்துகொண்டு வருகிற விமானத்துக்குச் சகடை. 90-களில் புக்காரா, பிறகு கிபீர். கடைசிக் கட்டப் போரில் ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு. வண்டு வந்து போனால் கொஞ்ச நேரத்தில் கிபீர் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்தச் சொற்களில் சில தொழிற்சாலை வைத்த பெயர்கள். சகடையும் வண்டும் சனங்களின் காது வைத்த பெயர்கள். தமிழ்நாட்டில் எங்களுக்கு இப்படி வாய்த்தது ஒரே ஒரு சொல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயரான எம்டன். அதையும் நாங்கள் சாமர்த்தியக்காரனைக் குறிக்கிற கேலிச் சொல்லாக்கிவிட்டோம். ஒரே ஒரு ராத்திரி நடந்தது கேலியாகிவிடுகிறது. இருபத்தைந்து வருடம் நடந்தது அப்படி ஆகவில்லை.

காதிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது? ஒலி முதலில் மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸ் என்கிற சந்திப்புக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று மேல்மூளைக்குப் போய், இது என்ன சத்தம், எங்கிருந்து, என்ன அர்த்தம் என்று விசாரித்துவிட்டு வரும். இன்னொன்று குறுக்குவழி. பயத்தைக் கையாளுகிற அமிக்டலா என்ற வாதுமைக்கொட்டை அளவுப் பகுதிக்கு நேராகப் போய்விடும். ஜோசப் லெடூ என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1980-களிலும் 90-களிலும் எலிகளை வைத்து இந்தக் குறுக்குவழியைக் காட்டினார். ஒரு சத்தம், உடனே லேசான மின் அதிர்ச்சி. சில முறை செய்தால் போதும். அப்புறம் சத்தம் மட்டும் கேட்டாலே எலி உறைந்து நின்றுவிடும்.

குறுக்குவழியில் போகிற செய்தி வேகமானது, ஆனால் விவரம் குறைந்தது. "டப் டப்" என்ற தாளம் வரைக்கும் அதற்குத் தெரியும். மதுரையா மானிப்பாயா, 2022-ஆ 1987-ஆ என்பது தெரியாது. அந்த விசாரணையை மேல்மூளை முடிப்பதற்குள் இதயம் வேகமெடுத்திருக்கும், கை குளிர்ந்திருக்கும். "இது இந்தியாதானே, இங்க என்ன பயம்?" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். தெரிகிற இடம் வேறு, பயப்படுகிற இடம் வேறு.

முப்பது வருடம் எதுவும் நடக்காமல் இருந்தால் அழிந்து போகாதா என்று அடுத்த கேள்வி வரும். பாவ்லோவ் தன் நாய்களை வைத்தே இதைப் பார்த்துவிட்டார். மணியடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு, மணியை மட்டும் அடித்துச் சாப்பாடு கொடுக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால் கொஞ்ச காலம் விட்டுவிட்டு மறுபடி மணியடித்தால் மறுபடி ஊறும். பழையது அழியவில்லை. அதன் மேல் "இப்போது இல்லை" என்று புதிதாக ஒரு பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அந்தப் புதுப் பாடமும் எழுதப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள், குறிப்பாக மார்க் பூட்டன் செய்தவை, காட்டின. இடம் மாறினால் புதுப் பாடம் மங்கிவிடும், பழையது எழுந்துவிடும்.

இதை மண்டபத்துக்கும் மதுரைக்கும் பொருத்திப் பாருங்கள். படகில் வந்து இறங்கியவர்களை முதலில் வைப்பது மண்டபம் முகாமில். அங்கிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் வான்தளம் இருக்கிறது. ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர். கடலோரக் கண்காணிப்புக்கு அங்கிருந்து ஹெலிகாப்டர்கள் பறக்கும். ஹெலிக்குப் பயந்து கடல் தாண்டியவர்கள் கரையேறியதும் கேட்டது ஹெலிச் சத்தம். முதல் சில வாரம் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், அப்புறம் பழகிவிட்டதாகவும் அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கடி கேட்டதால் புதுப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. பிறகு மதுரைக்கு மாற்றினார்கள். இங்கே ஹெலிகாப்டர் வருவது வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. அது பழக்குவதற்குப் போதாது, நினைவுபடுத்துவதற்குத் தாராளம்.

இதை நோய் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊரே ஒரு சத்தத்துக்குப் பதுங்கக் கற்றுக்கொண்டது, கற்றுக்கொண்டதால் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுக்க மனநல மருத்துவராக வேலை பார்த்த தயா சோமசுந்தரம் 1998-ல் போரின் உளப் பாதிப்புகளைப் பற்றி ஒரு விரிவான நூல் எழுதினார். தனித்தனி நோயாளியாகப் பார்ப்பதோடு நிறுத்தாமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்படுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் தொடர்ந்து சொல்லி வருவது. ஹெலிச் சத்தம் அதற்கு நல்ல உதாரணம். அது யாரும் தனியாகக் கற்றுக்கொண்ட பயம் இல்லை. தெருவே சேர்ந்து கத்திக் கற்றுக்கொண்டது.

இங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான பகுதி வருகிறது. அந்தச் சத்தம் இலங்கை விமானப்படையின் சத்தம் மட்டும் இல்லை.

1987-ஐ மாதவாரியாகப் பார்ப்போம். மே 26 அன்று வடமராட்சியில் இலங்கை ராணுவத்தின் பெரிய தாக்குதல் தொடங்கியது. ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று பெயர். ஜூலை 24 அன்று இந்திய ஹெலிகாப்டர் சுதுமலை அம்மன் கோயில் அருகே இறங்கிப் பிரபாகரனை டெல்லிப் பயணத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. சுற்றி சனக்கூட்டம். ஜூலை 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது, அமைதிப்படை வந்தது. அந்த மாதங்களில் வானத்தில் இந்தியச் சத்தம் கேட்டால் யாழ்ப்பாணத்தார் வெளியே வந்து கையசைத்தார்கள். எங்கள் ஊர் மாதிரியேதான்.

அக்டோபர் 11 இரவு எம்.ஐ-8 ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை இறக்கின. புலிகளோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. இறங்கிய சீக்கியச் சிப்பாய்களில் பெரும்பாலானோர் சுற்றி வளைக்கப்பட்டு இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் இந்திய ஹெலிகாப்டர்கள் சாவகச்சேரிச் சந்தைப் பகுதியில் சுட்டதில் பொதுமக்கள் செத்தார்கள். தயா சோமசுந்தரம், ராஜன் ஹூல், ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' அந்த மாதங்களைப் பற்றிய முக்கியமான பதிவு. எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்ட புத்தகம் அது. ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் மூன்றே மாதம். யந்திரம் அதே யந்திரம், நொடிக்கு அதே 16 அடி. கையசைத்த ஆள் அதே சத்தத்துக்குப் பங்கருக்குள் இறங்கியதை நினைத்துப் பாருங்கள். ஆனையூரில் "இது இந்தியா ஹெலிதானே அம்மா" என்று ஆறுதல் சொல்வதில் இருக்கிற பிழை இதுதான். அவர் படகேறும்போது அவர் காதில் இருந்த ஹெலிகளில் ஒரு பங்கு இந்தியாவுடையது. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறும். நாங்கள் உணவுப் பொட்டலத்தோடு நினைவை நிறுத்திக்கொண்டோம்.

இதே இரட்டை நினைவு வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கர்களிடமும் உண்டு. அங்கே பறந்த ஹ்யூயி ஹெலிகாப்டர், பெல் 212-க்கு அண்ணன். இரண்டு றெக்கை, அதே தாளம். அவர்களைச் சண்டைக்குள் கொண்டுபோய் இறக்கியதும் அது, அடிபட்டுக் கிடந்தவர்களைத் தூக்கிப் போனதும் அது. ஊர் திரும்பிய பிறகு பல வருடம் அந்தச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டவர்களும் உண்டு, நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்கு நேர்ந்ததும் உண்டு. அந்தப் படைவீரர்களின் அனுபவம் அழுத்திக் கொடுத்த பிறகுதான், 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை ஒரு தனி வகையாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். வன்னியில் வாழ்ந்த சனங்களுக்கு அப்படி அழுத்திக் கேட்க ஒரு சங்கம் இருந்ததில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டன, ஆட்களைத் தூக்கின. அந்த வெள்ளத்தில் மாடியில் நின்ற ஒரு குழந்தைக்கு ஹெலிகாப்டர் சத்தம் என்றால் பிரெட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும்தான். சத்தத்துக்குத் தன்னளவில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. அதற்குப் பின்னால் என்ன வந்தது என்பதைத்தான் உடம்பு எழுதி வைத்துக்கொள்கிறது.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் எதுவும் இல்லை. அவர்கள் எங்களைப் போலத்தான், வெளியே ஓடி வந்து கையசைக்கிறார்கள். பாட்டி உள்ளே, பேரன் வெளியே. சென்ற சில வருடங்களாக எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் வாடிவாசலுக்கு மேலே டிவிக்காரர்களின் ட்ரோன் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதை டிவியில் பார்த்துவிட்டு முகாமில் ஒரு பெரியவர் "வண்டு" என்றாராம். பேரனுக்கு விளங்கவில்லை. "அது ட்ரோன் தாத்தா" என்று திருத்தியிருக்கிறான். அவர் மறுபேச்சுப் பேசவில்லையாம். விளக்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. விளக்கினால் அவனும் காதைத் தீட்டிக்கொள்வான் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அதிலும் நியாயம் இருக்கிறது.

இதற்கெல்லாம் நாம் என்ன செய்ய முடியும் என்றால், பெரிதாக ஒன்றும் முடியாது. ஒரு சின்ன வேலை செய்யலாம். பயத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விஷயம், அதிர்ச்சி முன்கூட்டியே தெரிந்தால் உடம்பு வாங்குகிற அடி குறைகிறது என்பது. முக்கியஸ்தர் வருகிறார் என்றால் பந்தோபஸ்துக்காக ரோட்டோரக் கடைக்காரர்களுக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறார்கள், எத்தனை மணிக்கு ரோட்டை மறிப்போம் என்று. முகாமுக்கும் வருவாய்த் துறைக்கும் ஏற்கெனவே போக்குவரத்து இருக்கிறது, ஆள் கணக்கு எடுக்க வருகிறார்கள். அதே வழியில் ஒத்திகைக்கு முந்தின நாள் ஒரு வரி சொல்லிவிடலாம். எத்தனை ஹெலிகாப்டர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம். இறங்குவதற்கு முன்னால் வட்டமடிக்குமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.